மாநில மனநல ஆணையம்: உறுப்பினர் அமைப்பு

மாநில மனநல ஆணையம் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்தியாவின் ஒவ்வொரு மாநில அரசும் நிறுவவேண்டிய சட்டப்பூர்வ அமைப்பு. மாநிலத்தில் மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் மருத்துவமனைகளையும் இல்லங்களையும் பதிவு செய்வது, தரம் வகுப்பது, கண்காணிப்பது, புகார் பெறுவது ஆகியவை அதன் முதன்மைப் பணிகள். அரசுச் செயலர், மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், தொண்டு நிறுவனத்தார், நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தார், நோயுற்றவர்களின் சார்பாளர் எனப் பல தரப்பினரும் ஒரே அவையில் அமர்ந்து முடிவெடுக்கும் கூட்டமைப்பாகச் சட்டம் இதை வகுத்திருக்கிறது. ஆணையம் என்ன செய்யும் என்பது அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்தது. இந்தக் கட்டுரை தமிழ்நாட்டை முன்னிறுத்தி அந்த உறுப்பினர் அமைப்பை விளக்குகிறது.

பின்னணி

ஆங்கிலேயர் கால 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியை அடைத்துவைக்கவேண்டிய ஆளாகவே பார்த்தது. அதற்கு மாற்றாக வந்த 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. மாநில அளவில் மனநலப் பணிகளுக்கென ஓர் ஆணையம் வேண்டும் என்று முதலில் சொன்னது இந்தச் சட்டம்தான். ஆனால் அன்றைய ஆணையத்தில் அதிகாரிகளும் துறை வல்லுநர்களும் மட்டுமே இருந்தார்கள். நோயை அனுபவித்தவருக்கோ அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கோ தமையனுக்கோ அங்கு இடமென்று எதுவும் ஒதுக்கப்படவில்லை.

ஆணையம் என்று ஒன்று ஏட்டில் இருந்த காலத்தில்தான் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகி இறந்தார்கள். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது. அடுத்த சில நாட்களில் அந்த ஊரின் காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் இந்த நிகழ்வைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பதிவு பெற்றவை, பெறாதவை என்ற வேறுபாடின்றி இத்தகைய இடங்கள் அனைத்தையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மனநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லங்களைப் பதிவு செய்யத் தமிழ்நாடு 2002-இல் தனி விதிகளை வகுத்தது. இன்றைய ஆணையத்துக்குப் பதிவும் கண்காணிப்பும் முதன்மைப் பணிகளாக ஏன் தரப்பட்டன என்று கேட்பவர் ஏர்வாடிக்குத்தான் திரும்பிப் பார்க்கவேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. எங்களைப் பற்றிய முடிவை எங்களை விட்டுவிட்டு எடுக்காதீர்கள் என்ற மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் கோரிக்கை அந்த உடன்படிக்கையின் வழியே இந்தியச் சட்டத்துக்குள் வந்தது. 2017 ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற புதிய சட்டத்தில், ஆணையத்தின் உறுப்பினர் பட்டியல் மாறியது இதன் விளைவாகவே.

யார் யார் உறுப்பினர்

உறுப்பினர்களை மூன்று தொகுதியாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. ஒரே நீளப் பட்டியலாகவே தருகிறது.

முதல் தொகுதி பதவிவழி உறுப்பினர்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் செயலர் அல்லது முதன்மைச் செயலர் ஆணையத்தின் தலைவர். மனநலத்தைக் கவனிக்கும் சுகாதாரத் துறை இணைச் செயலர், சுகாதாரப் பணிகள் அல்லது மருத்துவக் கல்வி இயக்குநர், சமூக நலத்துறையின் இணைச் செயலர் ஆகியோர் உறுப்பினர்கள். தேவைக்கேற்ப வேறு துறைகளின் பிரதிநிதிகளையும் அரசு சேர்த்துக்கொள்ளலாம். இவர்களுக்குப் பதவிக்காலம் என்று தனியாக எதுவும் இல்லை. அந்தந்த நாற்காலியில் இருக்கும்வரை ஆணையத்திலும் இருப்பார்கள். இடமாற்றம் வந்தால் புதிதாக வருபவர் உறுப்பினராகிவிடுவார். துறைச் செயலர்கள் அடிக்கடி மாறும் நாட்டில் இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு தலைவர் மனநலத்தின் சிக்கல்களைக் கற்று முடிக்கும் வேளையில் வேறொரு துறைக்குப் போய்விடக்கூடும்.

இரண்டாம் தொகுதி துறை வல்லுநர்கள். மொத்தம் 6 பேர். மாநிலத்திலுள்ள மனநல மருத்துவமனை ஒன்றின் தலைவர், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மனநலத் துறைத் தலைவர். அரசுப் பணியில் இல்லாத, பெயர்பெற்ற மனநல மருத்துவர் ஒருவர். மருத்துவ உளவியலாளர் ஒருவர். மனநல சமூகப் பணியாளர் ஒருவர். மனநலச் செவிலியர் ஒருவர். இந்திய மருத்துவ முறைகளில் மனநலம் பயின்ற வல்லுநர் ஒருவர். கடைசி நால்வருக்கும் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும்.

இந்திய மருத்துவ முறைக்கான இடத்தில் தமிழர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. மனநல வல்லுநர் யார் என்று வரையறுக்கும்போது, சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற பிரிவில் பட்டமேற்படிப்பு முடித்தவரையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பயிற்றுவிக்கப்படும் துறைகளில் அதுவும் ஒன்று. ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றில் இதற்கு இணையான பட்டம் பெற்றவர்களும் இந்த இடத்துக்கு உரியவர்களே.

செவிலியருக்கான இடம் சிறியதாகத் தோன்றும்; ஆனால் விடுதியில் இரவு முழுவதும் நோயாளியுடன் இருப்பவர் செவிலியர்தான். மருந்து மறுத்தவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள், தனியறை எப்போது பயன்பட்டது, உறவினர் வராத நோயாளி எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் மருத்துவக் குறிப்பேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரை ஆணையத்தின் முழு உறுப்பினராக்கியது சட்டத்தின் நல்ல முடிவுகளில் ஒன்று. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றும் ஆற்றுப்படுத்துநர்களுக்கு இத்தகைய தனி இடம் இல்லை. இன்று மனநலச் சிக்கலோடு ஓர் இளைஞர் முதலில் சந்திப்பது பல சமயம் அவர்களைத்தான்.

மூன்றாம் தொகுதியும் 6 பேர் கொண்டது. மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்து மீண்டவர்கள் சார்பில் இருவர். பராமரிப்பாளர்கள் அல்லது அவர்களின் அமைப்புகள் சார்பில் இருவர். மனநோயாளிகளுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்கள் சார்பில் இருவர். இவர்களுக்குப் பட்டமோ அனுபவ ஆண்டுக் கணக்கோ சட்டம் கேட்கவில்லை. பட்டியலின் கடைசியில் எழுதப்பட்டிருந்தாலும் 1987-இலிருந்து 2017 வேறுபடும் இடம் இதுதான்.

நோயுற்றவர்களுக்கான இரு இடங்கள்

‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் தமிழில் வசையாக மாறிப் பல தலைமுறை ஆகிறது. ஒருவர் பேச்சை மதிக்கவேண்டாம் என்று சொல்ல, அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவேண்டும் என்றால் போதும். திரைப்பட நகைச்சுவையிலும் திண்ணைப் பேச்சிலும் அது சர்வசாதாரணம். அங்குள்ள மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் மதராசில் வாலண்டைன் கோனலி என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய காப்பகத்தில் ஆரம்பிக்கிறது. இப்போதைய வளாகத்துக்கு 1871-இல் வந்தது. தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் அலுவலகம் இயங்குவதும் அதே வளாகத்தில்தான். யாருடைய சொல்லைப் பொருட்படுத்தவேண்டியதில்லை என்று ஊர் முடிவுகட்டியதோ, அவர்கள் தரப்புக்கு இரண்டு வாக்குகளைச் சட்டம் தந்திருக்கிறது. அந்த வாக்குக்கும் சுகாதாரச் செயலரின் வாக்குக்கும் எடை ஒன்றே. சமநிலை ஏற்படும்போது மட்டும் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மற்றச் சட்டங்களோடு ஒப்பிட்டால் தெரியும். மனநிலை சரியில்லாதவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்த ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ இருக்க முடியாது என்று அரசமைப்பின் 102, 191 ஆகிய உறுப்புகள் சொல்கின்றன. வேறு பல சட்டங்களிலும் இதே தகுதியின்மை எழுதப்பட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரை மனநிலை தவறியவராகக் கொள்ளக்கூடாது என்கிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு என்பதையே தொடக்கப்புள்ளியாகக் கொள்கிறது. நோயின் அனுபவத்தை உறுப்பினராவதற்குரிய காரணமாகவே ஆக்குகிறது.

ஆனாலும் சட்டத்தின் வாசகத்தில் ஒரு நெகிழ்வு இருக்கிறது. அதைக் கவனமாகப் படிக்கவேண்டும். நோயுற்றவர் அல்லது மீண்டவர் இருவர் என்று அது சொல்லவில்லை. அவர்களுடைய பிரதிநிதிகளாக இருவர் என்றே சொல்கிறது. அப்படியானால் நோயை ஒருபோதும் அனுபவிக்காத ஒருவர், அவர்களுக்காகப் பேசுபவர் என்ற முறையில் அந்த நாற்காலியில் அமர முடியுமா? வாசகம் அதைத் தடுக்கவில்லை. பராமரிப்பாளருக்கு வேறு இரண்டு இடம், தொண்டு நிறுவனத்துக்கு வேறு இரண்டு இடம் என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்த்தால், முதல் இரண்டும் நோயை அறிந்தவர்களுக்கே உரியவை என்பதுதான் சட்டம் இயற்றியவர்களின் எண்ணமாக இருக்கவேண்டும். நியமனம் செய்யும் அரசு அந்த எண்ணத்தைக் காப்பதே முறை.

குடும்பமும் நோயாளியும் ஒரே தரப்பு என்று நினைப்பது நம் வழக்கம். மனநலத்தில் அது எப்போதும் உண்மையாவதில்லை. மருத்துவமனையில் சேர்த்தே ஆகவேண்டும் என்று குடும்பம் நினைக்கும்போது, வேண்டாம் என்று நோயாளி சொல்லக்கூடும். மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் தாய் அன்பினால்தான் அதைச் செய்கிறாள். தனக்குச் சொல்லாமல் தரப்பட்டது என்று பின்னால் அறியும் மகனின் வேதனையும் உண்மையே. இரு தரப்புக்கும் தனித்தனி இடங்கள் இருப்பதால் இந்த முரண்பாட்டை ஆணையத்தில் வெளிப்படையாகப் பேச வழி இருக்கிறது. சென்னையில் இதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த சாரதா மேனன், 1984-இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். தெருவில் திரிந்த, மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். இத்தகைய அமைப்புகளின் பணியால் நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேசும் பழக்கம் இந்த நகரத்தில் சட்டத்துக்கு முன்பே உருவாகியிருந்தது.

நியமனம், பதவிக்காலம், விலகல்

பதவிவழி வருவோர் தவிர மற்ற அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. எவரும் தேர்தலில் வருவதில்லை; நோயாளிகளின் அமைப்புகள் தாங்களே ஒருவரை அனுப்பிவைக்கவும் முடியாது. எனவே அரசைக் கேள்வி கேட்கவேண்டிய உறுப்பினரையும் அரசே தேர்ந்தெடுக்கிறது. இந்த அமைப்பின் ஆகப் பெரிய குறையாக இதைத்தான் சொல்லவேண்டும்.

நியமன உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டு. மீண்டும் நியமிக்கப்படலாம், 70 வயது நிறைந்தபின் தொடர முடியாது. விலக விரும்புவோர் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். விடுவிக்கப்படும்வரை, அல்லது 3 மாதம் முடியும்வரை, அல்லது அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை பொறுப்பு தொடரும். இவற்றில் எது முந்துகிறதோ அது.

உறுப்பினருக்கு ஒரு விவகாரத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தன்னலம் இருந்தால், அதைக் கூட்டத்திலேயே வெளிப்படுத்தவேண்டும். அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும். அந்த விவகாரத்தின் விவாதத்திலும் முடிவிலும் அவர் பங்கெடுக்கக்கூடாது. இது வெறும் சடங்கான விதியாகிவிடக்கூடாது. தொண்டு நிறுவனத்தின் சார்பில் வருபவர் நடத்தும் இல்லத்துக்கே ஆணையம் பதிவுச் சான்று தரவேண்டியிருக்கும். தனியார் மனநல மருத்துவரின் மருத்துவமனை மீது வரும் புகாரும் அதே மேசைக்குத்தான் வரும். துறையை நன்கறிந்தவர்களையே உறுப்பினராக்கும் எந்த அமைப்பிலும் இந்தச் சிக்கல் இருந்தே தீரும்.

கூட்டங்களும் பணிகளும்

ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை ஆணையம் கூடவேண்டும். தலைவர் வர இயலாதபோது மூத்த உறுப்பினர் தலைமை ஏற்பார். வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மைப்படி முடிவெடுக்கப்படும். அன்றாட நிருவாகத்தைத் தலைமைச் செயல் அலுவலர் கவனிப்பார். அவர் அரசின் துணைச் செயலர் நிலைக்குக் குறையாதவராக இருக்கவேண்டும்.

பதிவு பெறாமல் எந்த மனநல நிறுவனமும் இயங்கக்கூடாது. விண்ணப்பித்த 10 நாளில் தற்காலிகச் சான்று தரப்படும்; அது 12 மாதம் செல்லும். தரம் நிறைவேறியதாகக் காட்டியபின் நிரந்தரப் பதிவு. பதிவு பெற்ற நிறுவனங்களை 3 ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யவேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு முதல் முறை 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை தண்டத்தொகை. மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் ரூபாய் வரை உயரும். நிறுவனம் என்பதன் வரையறை அகலமானது: மனநோயுற்றவர்கள் தங்கவைக்கப்படும் இடம் எதுவானாலும் அதில் அடங்கும். உறவினருடனோ நண்பருடனோ வாழும் குடும்ப வீடு மட்டும் விலக்கு. வழிபாட்டுத் தலத்தை ஒட்டி நடக்கும் காப்பகமும் ஆணையத்தின் பார்வைக்குள் வருவது இதனால்தான். நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. மத்திய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்கள், எடுத்துக்காட்டாகப் பெங்களூரு நிமான்ஸ், மத்திய மனநல ஆணையத்தில் பதிவாகும்.

மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்து அந்தப் பட்டியலை வெளியிடுவதும் ஆணையத்தின் வேலை. காவல்துறையினருக்கும் மருத்துவர்களுக்கும் சட்டத்தைப் பயிற்றுவிப்பதும் அதன் கடமை. தெருவில் அலைபவரை முதலில் சந்திப்பது பெரும்பாலும் காவலர் என்பதால், இந்தக் கடைசிக் கடமைக்குக் கிடைத்துவரும் கவனத்தைவிட அதிகக் கவனம் தேவை.

மாவட்டந்தோறும், அல்லது சில மாவட்டங்களுக்குச் சேர்த்து, மனநல மறுஆய்வு வாரியங்களை அமைப்பதும் ஆணையமே. மாவட்ட நீதிபதியோ அந்தத் தகுதியுடைய நீதித்துறை அலுவலரோ ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ வாரியத்துக்குத் தலைவராவார். ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், நோயாளிகள் அல்லது பராமரிப்பாளர்கள் தரப்பிலிருந்து இருவர் ஆகியோர் உறுப்பினர்கள். இவர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால் 7 நாளுக்குள்ளும், அவர் பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள்ளும் வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாரியம் அமைக்கப்படாத மாவட்டத்தில் இந்த அறிவிப்பைப் பெற ஆளே இல்லை. அங்கே சட்டம் தரும் பாதுகாப்பு நோயாளிக்கு எட்டாது.

காலிடங்கள்

குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 9 மாதத்துக்குள் மாநிலங்கள் ஆணையத்தை அமைக்கவேண்டும் என்று சட்டம் கெடு வைத்தது. அதன்படி 2018 ஜனவரியில் கெடு முடிந்துவிடுகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ அந்த ஆண்டின் நடுவில். தொடங்கும் முன்பே கெடு கடந்துபோன இந்தக் குழப்பத்தை மாநிலங்களின் தாமதத்தோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

உறுப்பினர் இடம் காலியானால் 2 மாதத்துக்குள் அரசு நிரப்பவேண்டும். அதே சட்டம், ஓர் இடம் காலியாக இருந்தது என்ற காரணத்தாலேயே ஆணையத்தின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றும் சொல்கிறது. ஒருவர் இல்லையென்பதற்காக மொத்த வேலையும் நின்றுவிடக்கூடாது என்பதால் பல ஆணையங்களுக்கும் இத்தகைய விதி உண்டு. ஆனால் பதவிவழி இடங்கள் ஒருநாளும் வெறுமையாவதில்லை. செயலர் போனால் செயலர் வருவார். அரசாணைக்காகக் காத்திருக்கவேண்டியவை நியமன இடங்கள் மட்டுமே. நோயுற்றவர்களின் இரு நாற்காலிகளும் பராமரிப்பாளர்களின் இரு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தாலும் கூட்டம் நடக்கும், தீர்மானம் நிறைவேறும், அது சட்டப்படி செல்லும். ஆணையத்தின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படவேண்டும். அப்போது சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்த ஆண்டில் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நான்கு நாற்காலிகளில் யார் இருந்தார்கள் என்பதுதான்.